14 நிமிடத்தில் யாழ்ப்பாணம் போக முடியாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர், திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் விமான நிலையம் எவ்வளவு தூரம், பறந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தார். தூரம் 184 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 14 நிமிடம் என்று பதில் போட்டிருந்தீர்கள். ஒரே வரிதான். அந்த ஒரு வரியால் இரண்டு நாளாக எங்கள் தெரு டீக்கடைப் பக்கம் நான் தலை காட்ட முடியவில்லை. ஏனென்றால் ஆனி மாதம் நான் யாழ்ப்பாணம் போய்வந்தேன், காலையில் கிளம்பியவன் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தேன் என்று அதே கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் சொல்லியிருந்தேன். இப்போது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்கிறான், "என்ன சார், 14 நிமிஷம்னு போட்டிருக்கு, நீங்க என்ன நீந்தியா போனீங்க?"

சரி, அவன் கேட்டதில் தப்பில்லை. அச்சில் வந்தால் நம்பத்தான் செய்வார்கள். அதனால் அச்சிலேயே பதில் வரட்டும் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதென்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் உள்ள கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக அலைந்த கால்கள் இவை. அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததற்கு அப்புறம் அதைத் தோப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பழக்கத்தில் வந்துவிடுகிறது. தூரம் என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது, அது தொழில் வியாதி.

அப்படிப் பார்த்தால் உங்கள் 184 சரியான எண்தான். நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.77, கிழக்குத் தீர்க்கரேகை 78.71. யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி வடக்கு 9.79, கிழக்கு 80.07. வடக்கு தெற்காக உள்ள வித்தியாசத்தைக் கிலோமீட்டராக மாற்றினால் 108, கிழக்கு மேற்காக 149. அப்புறம் எட்டாம் வகுப்பில் அடி வாங்கிப் படித்த பிதாகரஸ் தேற்றம், விடை 184. பூமி உருண்டை என்பதெல்லாம் இவ்வளவு குட்டித் தூரத்தில் கணக்கைக் கலைக்காது. கடல் மைலில் சொன்னால் 99. ஆனால் இது ஓடுதளத்திலிருந்து ஓடுதளத்துக்கு. திருச்சி ஊர் நடுவிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு அளந்தால் 190-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் பலாலி டவுனுக்கு வடக்கே தள்ளி, கடலோரமாக இருக்கிறது. ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் பார்த்துவிட்டு எது நிஜம் என்று குழம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன், எல்லாமே நிஜம், கல்தான் வேறு வேறு.

14 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று யாரோ சொல்ல, 184-ஐ 800-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கியிருக்கிறார்கள், 13.8 வரும், அதை 14 ஆக்கியாயிற்று. கணக்கு சரி, ஆனால் அந்தக் கணக்கில் விமானம் திருச்சி வானத்தில் ஏற்கெனவே 800 வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது, பலாலி வந்ததும் அப்படியே தாண்டிப் போய்விடுகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தப் பையனிடம் நான் கேட்டேன், பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் 48 கிலோமீட்டர், பஸ் 80-இல் போகிறது, அப்படியென்றால் 36 நிமிடத்தில் தஞ்சாவூரா? ஒரத்தநாட்டில் ஆள் ஏற்ற வேண்டாமா? சிரித்தான். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் விஷயம், அந்தப் பாதையில் ஓடுவது ஜெட் இல்லை. 2025 மார்ச் 30 முதல் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறப்பது ஏடிஆர் 72 என்ற, இறக்கையில் விசிறி சுற்றும் விமானம். எழுபத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். நல்ல வேகம் பிடித்த பிறகு மணிக்கு 500 கிலோமீட்டர் சுமாருக்குப் போகும், அவ்வளவுதான். அந்த வேகத்திலேயே வழி முழுக்கப் போனால்கூட 22 நிமிடம் ஆகிறது. வழி முழுக்கப் போக முடியாது என்பது இரண்டாவது விஷயம். மேலே ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போது ஓடுதளத்தை நெருங்க நெருங்கக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், தரை தொடும் நேரத்தில் 200-ஐ ஒட்டி வந்துவிடும். தவிர, 10,000 அடிக்குக் கீழே எந்த விமானமும் பொதுவாக மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாது, கிலோமீட்டரில் 460 சொச்சம். இந்தத் தூரத்துக்கு ஏறி முடித்ததும் இறங்க வேண்டியதுதான், நடுவில் நிம்மதியாக ஓட இடமே இல்லை. ஆகவே ஜெட்டே விட்டாலும் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

மூன்றாவது காற்று. இதை எங்கள் பக்கத்து மீனவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று பெயர் வைத்து வாழ்கிறவர்கள். விமானமும் காற்றுக்கு எதிரே முகத்தை வைத்துத்தான் ஏறும், இறங்கும். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, அதன் முனைகளில் 09, 27 என்று எழுதியிருப்பது 90 பாகை, 270 பாகை என்பதன் சுருக்கம். யாழ்ப்பாணம் திருச்சிக்குத் தென்கிழக்கே. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது விமானம் கிழக்கே பார்த்து ஓடி ஏறி, லேசாக வலப்பக்கம் திரும்பினால் போதும், வழி வந்துவிடும். நான் போனது ஆனி மாதம், மேற்கேயிருந்து மேல்காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. அதனால் யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே ஓடி ஏறி, அப்புறம் பெரிய வட்டமாகத் திரும்பியது. பலாலியிலும் அதே கதைதான், நேரே வந்து இறங்காமல் கடல் பக்கம் போய் வளைந்து வந்தது. திரும்பி வரும்போது பாருங்கள், அதே மேல்காற்றில் திருச்சிக்குக் கிழக்கிலிருந்து வந்து மேற்கு பார்த்து நேராக இறங்கிவிட்டது, இரண்டு நிமிடம் மிச்சம்.

நேரம் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன் (மனைவி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இந்த மனுஷனோடு இனி எங்கேயும் வரமாட்டேன் என்றாள்). டிக்கெட்டில் 1.30 புறப்பாடு, 2.30 வருகை. விமானம் நகர ஆரம்பித்தது 1.33. சக்கரம் தரையை விட்டது 1.44. பலாலியில் தரை தொட்டது 2.20. நின்றது 2.27. ஆக காற்றில் இருந்தது 36 நிமிடம். நகர ஆரம்பித்ததிலிருந்து நிற்கும் வரை 54 நிமிடம். டிக்கெட்டில் போடுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான், சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கும் கட்டையை எடுத்த நேரத்திலிருந்து மறுபடி கட்டையை வைக்கும் நேரம் வரை. அதற்கு மேல் ஐந்து பத்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்று அச்சடிக்கிறார்கள். சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டதாக அறிவிக்கவும் அது வசதி. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, வழியில் மேகமோ, இறங்க வரிசையோ இருந்தால் அந்த நிமிடங்கள் கரைந்துவிடும்.

காற்றில் இருந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு நம் மாவட்டங்களே பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 11 சாயங்காலம் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி எரிபொருளைத் தீர்த்துவிட்டு, 141 பேரோடு பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அத்தனை நேரம் பறந்தும் கடந்த தூரம் பூஜ்யம்.

இன்னொரு பக்கம் கொழும்பைப் பாருங்கள். திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் வான்வழியில் 420 கிலோமீட்டர் போல வரும், யாழ்ப்பாணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கொழும்பு டிக்கெட்டிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கும். அது ஜெட், தூரம் இருப்பதால் வேகம் பிடிக்கவும் இடம் இருக்கிறது. தரையில் ஊர்வதும், ஏறுவதும், இறங்குவதும் இரண்டுக்கும் பொதுச் செலவு. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாலே இவ்வளவு என்று வாங்குவார்களே, அந்த மாதிரி. இங்கே உட்கார்ந்ததற்கே முக்கால் வாசி நேரம் போய்விடுகிறது.

நேர வித்தியாசம் என்று ஒரு குழப்பமும் இந்தப் பாதையில் இல்லை. எங்கள் ஊரில் பாதி வீட்டில் சிங்கப்பூர் டிக்கெட் பார்த்தவர்கள் உண்டு. போகும்போது ஆறரை மணி நேரம் மாதிரியும் வரும்போது ஒன்றரை மணி நேரம் மாதிரியும் தெரியும், இரண்டுமே நிஜத்தில் நாலு மணி நேரத்தை ஒட்டியதுதான், நடுவில் இரண்டரை மணி நேரம் கடிகாரம் மாறுகிறது. இலங்கைக்கும் நமக்கும் ஒரே கடிகாரம், அப்படியே கழித்துக்கொள்ளலாம். அதுவும் எப்போதும் இப்படி இருந்ததில்லை, 1996-இல் அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்து 2006 ஏப்ரலில்தான் பழையபடி நம்மோடு சேர்ந்தார்கள். அந்தப் பத்து வருஷமும் என் நண்பனுக்குப் போன் போடும்போதெல்லாம் இப்போது அங்கே மணி என்ன என்று விரல் மடக்கியது நினைவிருக்கிறது.

நண்பன் என்றேன், அவன் கதைக்கு வருகிறேன். 84-இல் அங்கே நிலவரம் கெட்டபோது இங்கே வந்து, தஞ்சாவூரில் என்னோடு கல்லூரியில் படித்தவன். இப்போது சுன்னாகத்தில் இருக்கிறான். மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போன் போட்டவன் சொன்னான், "மச்சான், பிளேன் ஒரு மணித்தியாலம்தானே, காலமை வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு இஞ்ச நிப்பாய்." நானும் நம்பினேன். முன்னெல்லாம் அவனைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ வடக்கே 400 கிலோமீட்டர் போக வேண்டும், எங்கள் கடற்கரையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிற ஊருக்கு.

இப்போது என் பயணத்தைச் சொல்கிறேன், இதுதான் நான் எழுத வந்த விஷயமே. காலை 6.00 மணிக்கு வீட்டைப் பூட்டினேன். 6.25 பட்டுக்கோட்டை. 6.40-க்குக் கிடைத்த பஸ் 8.10-க்குத் தஞ்சாவூர் போயிற்று. அங்கே ஒரு காப்பி, 8.25-க்குத் திருச்சி பஸ். வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி, திருவெறும்பூர், அப்புறம் திருச்சிக்குள் நுழையும் நெரிசல், டிவிஎஸ் டோல்கேட்டில் இறங்கும்போது 10.00. அங்கிருந்து ஆட்டோ பிடித்து விமான நிலைய வாசலில் 10.20. வெளிநாட்டு விமானம், மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் சொல்லியிருந்தார், அதனால் அவசரமாக வந்து சேர்ந்து சாவகாசமாகக் காத்திருந்தோம். 2024-இல் திறந்த புது முனையம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, சுவரெல்லாம் கோலமும் கோபுரமுமாக. மூன்று மணி நேரம் கோலத்தைப் பார்க்கலாம், நான் பார்த்தேன்.

1.44-க்கு ஏறினோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமை ஏரிகளெல்லாம் கீழே தட்டுத் தட்டாகத் தெரிந்தன. நான் இடப்பக்க ஜன்னலோரம். சரியாக 2 மணி இருக்கும், கடற்கரை தெரிந்தது, உப்பளத்துப் பாத்திகள் வெள்ளையும் சாம்பலுமாக, அதற்கு அந்தப் பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் கரும்பச்சை. எனக்குச் சந்தேகமே இல்லை, அது எங்கள் ஊர். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டும் பார்த்துவிட்டேன், திருச்சிக்கும் பலாலிக்கும் இழுத்த கோடு அதிராம்பட்டினத்தை உரசிக்கொண்டுதான் போகிறது. இங்கிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் 87 கிலோமீட்டர், பலாலி 97 கிலோமீட்டர். கிட்டத்தட்ட நட்டநடு.

அதாவது ஐயா, காலை 6 மணிக்குப் பூட்டிய வீட்டுக்கு மேலே மதியம் 2 மணிக்கு நான் திரும்பி வந்திருக்கிறேன். எட்டு மணி நேரம் பஸ், ஆட்டோ, வரிசை, நாற்காலி எல்லாம் கடந்து, கிளம்பிய இடத்துக்கே. வித்தியாசம் உயரத்தில் மட்டும்தான். மாடியில் வடகம் காயப் போட்டுவிட்டு வந்திருந்தோம், மேல்காற்றுக்குப் பறந்திருக்குமோ என்று மனைவி கேட்டாள். கீழே பார்த்தால் தெரியவில்லை.

பலாலியில் இமிக்ரேஷன் முடிந்து பெட்டியோடு வெளியே வர 3.05. நண்பன் காரோடு நின்றான். சுன்னாகத்தில் அவன் வீட்டு வாசலில் 3.35. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குச் சாப்பிட்டோம், அந்த வீட்டு அம்மா இடியப்பத்தையும் சொதியையும் மூன்றாம் தடவை சூடு பண்ணியதாகச் சொன்னார். மொத்தம் 9 மணி 35 நிமிடம். அதில் காற்றில் இருந்தது 36 நிமிடம், பதினாறில் ஒரு பங்கு. திருச்சி விமான நிலையம் போய்ச் சேரும் வரை சாலையில் மட்டும் 4 மணி 20 நிமிடம் போயிருக்கிறது.

என் கதையாவது பரவாயில்லை, வேதாரண்யத்துக்காரர் கதையை நினைத்துப் பாருங்கள். கோடியக்கரை முனையிலிருந்து யாழ்ப்பாணக் கரையில் உள்ள காங்கேசன்துறை நேர்கோட்டில் 55 கிலோமீட்டர்தான். தோணியில் பெரியவர்கள் போய்வந்த தூரம், அந்தக் காலத்தில் ராத்திரி கிளம்பினால் விடிய அங்கே இருப்பார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்றைக்கு அதே வேதாரண்யத்துக்காரர் விமானம் ஏற வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டித் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர் என்று மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் போய், அப்புறம் அங்கிருந்து 184 கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டும். அவரிடம் போய் 14 நிமிடம் என்று சொன்னால் என்ன செய்வார்?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, 2023 அக்டோபரில் ஆரம்பித்து, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. கடலில் 110 கிலோமீட்டர் சுமார், நாலு மணி நேரம். திருவாரூர், நாகை, வேதாரண்யம் ஆட்களுக்கு வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டால் கப்பலும் விமானமும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும், சில பேருக்குக் கப்பலே சீக்கிரம். 184 என்ற எண்ணையும் 14 என்ற எண்ணையும் பார்க்கிற எவனுக்கும் இது தோன்றாது, அதுதான் எனக்கு வருத்தம். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்க முடியாது.

தஞ்சாவூரில் விமான நிலையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களும் டீக்கடையில் உண்டு. அங்கே ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இருக்கிறது, 2013-இல் விமானப்படைத் தளமாகி 2020-இல் சுகோய் போர் விமானப் படைப்பிரிவும் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வாயுதூத் என்ற அரசு நிறுவனத்தின் விமானம் அங்கிருந்து சென்னைக்குப் பறந்ததும் உண்டு, ஆள் சேராமல் நின்றது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உதான் திட்டப் பட்டியலில் தஞ்சாவூர் பெயர் வந்ததிலிருந்து இதோ அதோ என்று காத்திருக்கிறோம். வந்தால் நல்லதுதான், பலாலிக்கு அங்கிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் பயணத்தில் 36 நிமிடம் 30 ஆகும், அவ்வளவுதானே? எனக்குப் போன 4 மணி 20 நிமிடம் சாலையில் போனது. அதைக் குறைக்க ஓடுதளம் தேவையில்லை, ஒரு பஸ் போதும்.

இதை நான் திரும்பி வரும்போது கண்டுகொண்டேன். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. ஆகவே தஞ்சாவூர் சுற்றித் திருச்சி ஊருக்குள் போய் நெரிசலில் மாட்டி மறுபடி தெற்கே வர வேண்டிய அவசியமே இல்லை. திரும்பும்போது விமான நிலைய நிறுத்தத்திலேயே புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினோம், புதுக்கோட்டையில் இறங்கிக் கறம்பக்குடி வழியாகப் பட்டுக்கோட்டை. இரண்டு பஸ் மாறியும் வாசலிலிருந்து வாசலுக்கு 3 மணி 5 நிமிடம்தான் ஆயிற்று. போகும்போது இந்த வழி யாரும் சொல்லவில்லை, நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் தஞ்சாவூரைத்தான் காட்டினார்கள். ஒரு சர்வேயர் வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பியது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஒரே சங்கடம், பஸ் நிறுத்தம் நெடுஞ்சாலையில், புது முனையம் உள்ளே தள்ளி. பெட்டியும் வயசும் சேர்ந்தால் அந்த நடை சாதாரணமில்லை.

ஆகவே கோரிக்கை இதுதான், உங்கள் பத்திரிகை எழுதினால் போக்குவரத்து அதிகாரிகள் காதில் விழும். வேதாரண்யத்தில் விடியற்காலை கிளம்பி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை வழியாக விமான நிலைய முனைய வாசலுக்கே போகிற ஒரு பஸ், யாழ்ப்பாண விமான நேரத்துக்குத் தோதாக. சாயங்காலம் அதே பஸ் அதே வழியில் திரும்பட்டும். யாழ்ப்பாணத்துக்கு மட்டும் இல்லை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று இந்த வழியில் பெட்டி தூக்காத ஊர் எது? இப்போது ஒவ்வொரு வீடும் தனித்தனியாக கார் பிடித்து, போக வர வாடகை கொடுத்து, வழியனுப்ப ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகிறோம். பஸ்ஸில் பெட்டி வைக்க இடம் மட்டும் விட்டால் ஆள் சேரவில்லை என்ற பேச்சே வராது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேல் இரண்டு விமான நிலையத்துக்கு நடுவே தூரமும் நேரமும் போடும்போது, வகுத்து வந்த எண்ணைப் போடாதீர்கள், டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் போடுங்கள். கூடவே எந்த விமானம் என்றும் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பாதைகளுக்கெல்லாம் இது பொருந்தும், திருச்சியிலிருந்து சென்னையும் பெங்களூருவும் வான் தூரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 290-ஐ ஒட்டி வருகின்றன, இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் சென்னைக்கு வந்தே பாரத் ரயில் நாலு மணி நேரத்தில் போகிறது, பெங்களூருவுக்குத் திருச்சி வழியாகப் போகும் வந்தே பாரத்துக்கு ஆறு மணி நேரம் போல ஆகிறது. தஞ்சாவூர்க்காரர் எதற்கு எதில் போகலாம் என்று முடிவு செய்ய அந்த 290 அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

அப்புறம் திருத்தம். போடுவீர்கள் என்று நம்புகிறேன். 14-ஐ அடித்துவிட்டு 60 என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். அதிராம்பட்டினத்திலிருந்து கிளம்பினால் 9 மணி 35 நிமிடம், புதுக்கோட்டை வழியாகப் போனால் ஒரு மணி நேரம் குறையும் என்று கீழே ஒரு வரி சேருங்கள். தை மாதம் நண்பன் குடும்பத்தோடு இங்கே வருகிறேன் என்கிறான், அவனுக்கு அனுப்ப ஒன்று, டீக்கடையில் ஒட்ட ஒன்று, இரண்டு பிரதி வாங்குவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர்,
அதிராம்பட்டினம் அருகில்,
தஞ்சாவூர் மாவட்டம்.